பொறியும் மனித மாண்பும்: கழிவுநீர்த் தொட்டித் தூய்மைப்பணியை முன்வைத்து எந்திரன் அறம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

எந்திரன்கள், செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றின் அறம் பற்றிய ஆய்வுகள் பெரிதும் வருங்காலத்தை நோக்கியே அமைகின்றன. தமிழ்ச் சூழலில் இவ்வறச்சிக்கல் நிகழ்காலத்திலேயே, அதுவும் நிலத்துக்கு அடியில், எழுந்து நிற்கிறது. தாம்பரம் மாநகராட்சியின் தென்பகுதியான பீர்க்கன்கரணையைக் களப் பின்புலமாகக் கொண்டு, கழிவுநீர்த் தொட்டிகளிலும் பாதாளச் சாக்கடைகளிலும் மனிதர் இறங்கும் நிலையை மாற்ற வந்த எந்திரன்களையும், அதே தொழிலாளரைக் கண்காணிக்க வந்த எண்முறைக் கருவிகளையும் இக்கட்டுரை ஒருங்கே வைத்து ஆராய்கிறது. உயிர், மாண்பு, வாழ்வாதாரம், அந்தரங்கம், பொறுப்பு ஆகிய ஐந்தனைக் கொண்டு எந்திரனின் அறத்தை மதிப்பிடலாம் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: எந்திரன், செயற்கை நுண்ணறிவு, மனித உரிமை, தூய்மைப் பணியாளர், கண்காணிப்பு, பொறி.

1. முன்னுரை

2017-ஆம் ஆண்டு அக்டோபரில் சவூதி அரேபியா 'சோபியா' என்னும் பெண்ணுருவ எந்திரனுக்குக் குடியுரிமை வழங்குவதாக அறிவித்தது. எந்திரனுக்கு உரிமை உண்டா என்னும் வினா உலகெங்கும் பேசுபொருளாயிற்று. அதே ஆண்டில் தமிழகத் தூய்மைப் பணியாளரின் வாழ்வையும் சாவையும் பதிவு செய்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் வெளியாயிற்று. ஒருபுறம் பொறிக்கு மனிதத் தகுதி. மறுபுறம் மனிதருக்குப் பொறியின் தகுதியும் இல்லை. பழுதாகும் என்றெண்ணி விலைமிக்க மோட்டாரைக் கூடத் தொட்டிக்குள் இறக்கத் தயங்கும் சமூகம், மனிதரை இறக்கத் தயங்கவில்லை. எந்திரன் அறம் பற்றிய தமிழ் ஆய்வு இம்முரணிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.

ஐசக் அசிமோவ் 1942-ஆம் ஆண்டுச் சிறுகதையொன்றில் வகுத்த மூன்று விதிகளே எந்திரன் அறத்தின் தொடக்கப் புள்ளியாகப் பலராலும் சுட்டப்பெறுகின்றன. அவற்றுள் முதல் விதிக்கு இரு கூறுகள் உண்டு. எந்திரன் மனிதருக்குத் தீங்கு செய்தலாகாது என்பது ஒன்று. செயலற்று நின்று மனிதருக்குத் தீங்கு நேர விடுதலும் ஆகாது என்பது மற்றொன்று. முதற்கூறு பற்றிய பேச்சே மிகுதி. இரண்டாம் கூறே நம் சூழலுக்கு நெருக்கமானது. தீங்கைத் தடுக்கும் பொறி கைவசம் இருந்தும் அதனைப் பயன்படுத்தாமை அறமாகுமா என்பதே இங்கு எழும் வினா.

2. பொறி, வெட்டி, எந்திரன்: சொற்கள் தரும் சான்று

தமிழில் 'பொறி' என்பது பல பொருள் ஒருசொல். இயந்திரம், கண்ணி, தீப்பொறி, இலச்சினை என்பவற்றோடு ஐம்பொறி என்னும் வழக்கில் மனித உடலின் புலன்வாயில்களையும் அது குறிக்கும். கருவிக்கும் உடலுக்கும் ஒரே சொல் வழங்குவது எண்ணத்தக்கது.

பொறிபற்றிய கற்பனையும் தமிழுக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் அமைத்த மயிற்பொறி, கருவுற்றிருந்த விசயையை ஏற்றிச் சென்று காக்கிறது. பெருங்கதையில் வரும் எந்திர யானையோ உதயணனைச் சிறைப்படுத்தும் சூழ்ச்சிக் கருவி. அதனுள் வீரர் மறைந்திருப்பர். ஒரு பொறி உயிர் காப்பது. மற்றொன்று மனிதரை உள்ளே மறைத்துக்கொண்டு தானே இயங்குவது போல் தோன்றுவது. இன்றைய செயற்கை நுண்ணறிவையும் இவ்விரு படிமங்களைக் கொண்டு நோக்கலாம். தானே கற்றதாகத் தோன்றும் மென்பொருளுக்குள், படங்களுக்கும் பேச்சுக்கும் குறியிட்டுத் தந்த எண்ணற்ற மனிதரின் உழைப்பு மறைந்துள்ளது. அவ்வுழைப்பில் தமிழகச் சிற்றூர்களின் பங்கும் உண்டு.

'ரோபோ' என்னும் சொல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்தின் வழியே உலக மொழிகளில் பரவியது. செக் மொழியில் அதன் மூலச்சொல், பண்ணையடிமைகள் நிலவுடைமையாளருக்குச் செய்த கட்டாய உழைப்பைக் குறிக்கும். இதற்கு இணையான சொல் தமிழில் உண்டு. சோழர்காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்பது ஊதியமில்லாக் கட்டாய உழைப்பைச் சுட்டுகிறது. இன்றைய 'வெட்டிவேலை' என்னும் வழக்கில் அச்சொல் பயனற்ற செயல் என்று பொருள் திரிந்துள்ளது. இடுகாட்டுப் பணியாளரைக் குறிக்கும் 'வெட்டியான்' என்பதையும் இச்சொல்லோடு தொடர்புபடுத்துவர். ஆகவே எந்திரன் என்னும் கருத்தாக்கமே கட்டாய உழைப்பின் நினைவைச் சுமந்து பிறந்தது எனலாம். இழிவெனக் கருதப்பட்ட உழைப்பை யார் தலையில் சுமத்துவது என்னும் பழைய வினாவுக்கு எந்திரன் ஒரு புதிய விடை. அவ்விடை வரும் வரை அச்சுமை பிறப்பின் பெயரால் சிலர்மேல் சுமத்தப்பட்டிருந்தது. இன்றும் முற்றாக நீங்கவில்லை.

பெயர் மாற்றங்களும் ஆய்வுக்குரியன. தமிழக அரசு 2020-இல் 'துப்புரவுப் பணியாளர்' என்னும் பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என மாற்றியது. அதே ஆண்டில் ஒன்றிய அரசு, ஆள் இறங்கும் துளை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை விடுத்து இயந்திரம் இறங்கும் துளை என்னும் பொருளுடைய சொல்லை ஆளுமாறு அறிவித்தது. சொல் மாற்றம் மதிப்பு மாற்றத்தின் தொடக்கமாகலாம். ஆயினும் துளையின் பெயர் மாறியபின்னும் அதில் மனிதர் இறங்குவராயின், அம்மாற்றம் உண்மையை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடும்.

3. களம்: பீர்க்கன்கரணையும் தென்புறநகரும்

பீர்க்கன்கரணை, தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் இடையே பெருந்தெற்குச் சாலையை ஒட்டி, ஏரியைச் சார்ந்து அமைந்த ஊர். நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்த இவ்வூர், 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டபோது அதன் பகுதியாயிற்று. ஏரிப்பாசன ஊர்கள் மனைப்பிரிவுகளாக மாறிய வரலாறே தென்புறநகரின் வரலாறு. வீடுகள் முன்னே வந்தன. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பின்னே வந்தன, அல்லது இன்னும் வரவிருக்கின்றன.

இதன் விளைவாகப் புறநகரின் பெரும்பகுதி வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளையும் கழிவுநீர் ஊர்திகளையும் நம்பியே வாழ்ந்து வந்துள்ளது. ஊர்தியின் குழாய் நீர்மக் கழிவை உறிஞ்சிவிடும். ஆண்டுக்கணக்கில் அடியில் படிந்து இறுகிய கசடு அவ்வளவு எளிதில் வாராது. அதனைக் குத்திக் கலக்குவதற்கே பெரும்பாலும் ஆள் இறக்கப்படுகிறார். தொட்டியின் மூடி சிறியது. உள்ளே காற்றோட்டம் இல்லை. ஐதரசன் சல்பைடு, மீத்தேன் போன்ற வளிகள் தேங்கியிருக்கும். ஐதரசன் சல்பைடு செறிவு மிகும்போது மோப்ப உணர்வையே மழுங்கச் செய்யும். நாற்றம் குறைந்துவிட்டது என்று எண்ணும் கணமே இடர் மிக்க கணம். ஒருவர் மயங்கி விழ, அவரைக் காக்க இறங்கியவரும் உயிரிழப்பது இத்தகைய நிகழ்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் கோலம்.

இங்கே கவனிக்க வேண்டிய கூறு, பணியமர்த்துபவர் யார் என்பதாகும். பாதாளச் சாக்கடையில் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பினுடையது என்பது வெளிப்படை. புறநகர் வீட்டுத் தொட்டியிலோ வீட்டுக்காரர், ஊர்தி உரிமையாளர், இடைத்தரகர், அன்றாடக் கூலி என்று பொறுப்பு சிதறுகிறது. கற்றவர்களும் அலுவலர்களும் வாழும் தெருக்களில் இது நிகழ்கிறது. எனவே எந்திரன் அறம் என்பது ஆய்வகத்தின் சிக்கல் மட்டுமன்று. நம் வீட்டு வாயிலின் சிக்கலுமாகும்.

4. சட்டம் விதித்த கடமை

அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. 21-ஆம் உறுப்பு உயிர்வாழும் உரிமையைக் காக்கிறது. 23-ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதற்கு எதிரான முதல் ஒன்றியச் சட்டம் 1993-இல் வந்தது. அது உலர் கழிப்பிடங்களையே முதன்மையாகக் கருதியது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்து, இடர்மிக்க முறையில் அவற்றைத் தூய்மை செய்ய ஆளமர்த்துவதை 7-ஆம் பிரிவில் தடை செய்தது.

நம் ஆய்வுக்கு முதன்மையானது அச்சட்டத்தின் 33-ஆம் பிரிவு. சாக்கடைகளையும் தொட்டிகளையும் தூய்மை செய்யத் தக்க தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துவது ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பின் கடமை என அது விதிக்கிறது. அதாவது, எந்திரனைப் பணியில் ஈடுபடுத்துவது கொடையோ புதுமை நாட்டமோ அன்று, சட்டக் கடமை. உலகின் பல பகுதிகளில் எந்திரன் தொழிலாளரின் வேலையைப் பறிக்கும் என்னும் அச்சமே மனித உரிமைச் சிக்கலாகப் பேசப்படுகிறது. இங்கோ எந்திரன் வராமையே உரிமை மீறலாகிறது. இத்தலைகீழ் நிலையே இந்தியச் சூழலின் தனித்தன்மை.

ஆயினும் அதே சட்டத்தில் ஒரு நெகிழ்வும் உண்டு. அறிவிக்கப்பட்ட கருவிகளோடும் பாதுகாப்பு உடைகளோடும் கழிவை அகற்றுபவர், கையால் கழிவகற்றுபவராகக் கருதப்படமாட்டார் என்கிறது வரையறையின் விளக்கம். இதனால் கையுறையும் காலுறையும் தந்துவிட்டால் இழிவு நீங்கிவிடும் என்னும் தோற்றம் ஏற்படுகிறது. உயிருக்குக் காப்பு என்பதும் மாண்புக்குக் காப்பு என்பதும் ஒன்றல்ல என்னும் வேறுபாடு இங்கே மங்கிவிடுகிறது.

நீதிமன்றத் தீர்ப்புகள் இவ்வேறுபாட்டை ஓரளவு மீட்டன. 2014 மார்ச் 27-இல் சபாய் கரம்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், 1993 முதல் சாக்கடைப் பணியில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20-இல் பல்ராம் சிங் வழக்கில் இழப்பீடு 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மாநிலவாரிக் கணக்குகளில் தமிழ்நாடு இத்தகைய இறப்புகளில் முன்னிலையில் இருந்து வந்துள்ளது. இழப்பீடு இறப்புக்குப் பின் வருவது. எந்திரன் அதற்கு முன் வரவேண்டியது.

5. காக்கும் பொறி: செயல்முறையும் வரம்பும்

2015-இல் கோழிக்கோட்டில் சாக்கடைக்குள் சிக்கிய இரு தொழிலாளரும், அவர்களைக் காக்க இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் உயிரிழந்தனர். அந்நிகழ்வின் தாக்கத்தால் கேரளப் பொறியியல் மாணவர்கள் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம், பெருச்சாளியைக் குறிக்கும் 'பாண்டிகூட்' என்னும் பெயரில் எந்திரனை உருவாக்கி 2018-இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதன் கைப்பகுதி துளைக்குள் இறங்கிக் கசடை வாரும். இயக்குநர் மேலே நின்று ஒளிப்படக் கருவி காட்டும் திரையைப் பார்த்து இயக்குவார். தமிழகத்தில் கும்பகோணம் அதே ஆண்டில் இவ்வெந்திரனைப் பெற்றது.

கழிவுநீர்த் தொட்டிக்கென உருவானது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஹோமோசெப்'. பேராசிரியர் பிரபு இராஜகோபால் வழிகாட்டலில் மாணவர் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கிய இக்கருவி, தொட்டிக்குள் சென்று விரியும் சுழல் தகடுகளால் இறுகிய கசடைக் கலக்கிச் சேறாக்கும். பின்னர் உறிஞ்சுகுழாய் அதனை வெளியேற்றும். ஆள் இறங்குவதற்குக் கற்பிக்கப்பட்ட காரணத்தையே இது நீக்குகிறது என்பது இதன் சிறப்பு. 2022-இல் தமிழகத்தில் பத்துக் கருவிகளைக் களமிறக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, முதற்கருவிகள் இப்பணியில் கணவரை இழந்த பெண்கள் முன்னின்று நடத்தும் தன்னுதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. சபாய் கரம்சாரி ஆந்தோலன் இம்முயற்சியில் துணைநின்றது.

இவ்வொப்படைப்பில் ஓர் ஆழ்ந்த அறவினா பொதிந்துள்ளது. இழப்புற்றோரே கருவியின் உரிமையாளராவது நீதியா, அல்லது அத்தொழிலிலேயே அவர்களை மீண்டும் நிறுத்துவதா? இரு வாதங்களுக்கும் வலிமை உண்டு. கூலியாக இருந்தவர் உடைமையாளராகும்போது பேரம் பேசும் ஆற்றலும் வருவாயும் கூடுகின்றன. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமும் இவ்வடிப்படையில் அமைந்தது. இத்திட்டத்தின் வழி 2024-இல் சென்னையில் 200-க்கும் மேற்பட்ட கழிவுநீரகற்று ஊர்திகள் தூய்மைப் பணியாளர் குடும்பங்களிடம் வழங்கப்பட்டன. மறுபுறம், சாதியமைப்பு தொழிலைப் பகுப்பதோடு நில்லாமல் தொழில் செய்வோரையே மேல்கீழாகப் பகுக்கிறது என்பது 1936-இல் அம்பேத்கர் முன்வைத்த திறனாய்வு. எந்திரனின் கைப்பிடியிலும் அதே மக்களே நிற்பாராயின், கழிவைத் தொடும் கை மாறிற்றேயன்றிக் கைக்குரியவர் மாறவில்லை என்றாகும். ஆகவே உரிமையளிப்பு விருப்பத்தேர்வாக இருத்தல் வேண்டும். வேறு தொழிலுக்கும் கல்விக்கும் செல்லும் வழி அதே அளவு திறந்திருத்தல் வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தாலன்றி எந்திரமயம் விடுதலையாகாது.

கருவியின் வரம்புகளையும் மறைத்தல் ஆகாது. குறுகிய தெருக்கள், மூடியே இன்றிக் கற்பலகையால் அடைக்கப்பட்ட தொட்டிகள், விலை, பழுதுநீக்கும் வசதி ஆகியவை தடைகளாகின்றன. தமிழகம் 2014-இல் மலக்கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒன்றிய அரசு ஏறத்தாழ 350 கோடி ரூபாய் மதிப்பில் 'நமஸ்தே' திட்டத்தை 2023-இல் நடைமுறைப்படுத்தியது. இவை எந்திரனுக்கேற்ற தொட்டியமைப்பைக் கட்டட ஒப்புதலின் கட்டாயக் கூறாக்கும் அளவுக்கு விரிதல் வேண்டும். பொறிக்கு ஏற்ற துளை இல்லாதவிடத்து மனிதரே பொறியாக்கப்படுகிறார்.

6. நோக்கும் பொறி: கண்காணிப்பும் அந்தரங்கமும்

தூய்மைப் பணியாளரிடம் எந்திரன் வந்த வேகத்தைவிடக் கண்காணிப்புக் கருவி வந்த வேகம் மிகுதி. நாகபுரி, சண்டிகர் முதலிய நகரங்களில் இருப்பிடங்காட்டும் கைக்கடிகாரங்கள் பணியாளருக்கு அணிவிக்கப்பட்டன. சண்டிகரில் அவற்றை எதிர்த்துப் பணியாளர் போராடினர். தொட்டிக்குள் உள்ள நச்சுவளியை அளக்கும் உணரி இல்லாத இடத்தில், பணியாளர் எத்தனை நிமிடம் நின்றார் என்பதை அளக்கும் உணரி இருப்பது எதனைக் காட்டுகிறது? அளக்கத்தக்கது எது என்னும் தெரிவிலேயே அறம் அடங்கியுள்ளது.

முகமறி மென்பொருள்களும் இவ்வகையின. 2018-இல் ஜாய் புவோலம்வினி, திம்னித் கெப்ரு ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், வணிக முகப்பகுப்பு மென்பொருள்களின் பாலினக் கணிப்புப் பிழை வெண்ணிற ஆடவரிடம் 0.8 விழுக்காட்டுக்கு மேற்படாமல் இருக்க, கருநிறப் பெண்டிரிடம் 34.7 விழுக்காடு வரை உயர்ந்தது. வெயிலில் உழைக்கும் கருநிறப் பெண்கள் மிகுந்த ஒரு பணித்துறையில் வருகைப்பதிவை முகமறி கருவியிடம் ஒப்படைக்குமுன் இம்முடிவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொறியின் பிழை இங்கே ஒருநாட் கூலியாக மாறும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்டு 24-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையில் தலையிடச் சட்ட அடிப்படையும், நேரிய நோக்கமும், நோக்கத்துக்கு ஏற்ற அளவும் வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்புத் தொடர்பான நோக்கங்களுக்கு ஒப்புதலின்றியே தரவைக் கையாள இடந்தருகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் மறுத்துரைக்க இயலாத நிலையில் உள்ளவர். அவருக்கே இவ்விலக்கு மிகுதியாகப் பொருந்துகிறது என்பது கவலைக்குரியது.

7. கொள்கையிலிருந்து களத்துக்கு

தமிழக அரசு 2020-இல் பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. இந்திய மாநிலங்களுள் இது முன்னோடி முயற்சி. வெளிப்படைத்தன்மையும் தணிக்கையும், பொறுப்புடைமையும் சட்டச் சிக்கல்களும், தவறான பயன்பாட்டுக்கு எதிரான காப்பு, எண்முறை இடைவெளியும் தரவுக் குறைபாடும், அறம், நேர்மையும் சமன்மையும் என ஆறு கூறுகளை அது வகுத்தது. 2021 நவம்பரில் யுனெஸ்கோவின் 193 உறுப்பு நாடுகள் ஏற்ற பரிந்துரை, மனித மாண்பையும் மனித மேற்பார்வையையும் அடிப்படையாக வைத்தது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், பணியிடத்தில் தொழிலாளரின் உணர்ச்சிகளைப் பொறிகொண்டு கணிப்பதைப் பொதுவாகத் தடை செய்துள்ளது.

இவ்வாவணங்கள் யாவும் பொறி செய்யும் தீங்கைத் தடுக்க முனைவன. பொறி இல்லாமையால் விளையும் தீங்கைப் பற்றி அவை மிகுதியும் பேசுவதில்லை. தமிழகக் கொள்கையின் நான்காம் கூறான எண்முறை இடைவெளி என்பதை விரித்து, உயிர்காக்கும் எந்திரன் சென்றடையாமையும் ஓர் இடைவெளியே எனக் கொள்வதற்கு இடமுண்டு. அவ்வாறு கொண்டால் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவும் 2020-ஆம் ஆண்டுக் கொள்கையும் ஒன்றையொன்று நிறைவு செய்யும்.

8. ஐந்து அளவுகோல்கள்

மேற்கண்ட ஆய்விலிருந்து தூய்மைப் பணியில் நுழையும் எந்தப் பொறியையும் ஐந்து வினாக்களால் மதிப்பிடலாம்.

முதலாவது உயிர்: இப்பொறியால் மனிதர் இறங்குவது முற்றாக நிற்கிறதா, அல்லது பொறி திணறும்போது ஆள் இறங்குவது என்னும் வழக்கம் தொடர்கிறதா? இரண்டாவது மாண்பு: பணியின் இழிவுத்தன்மை நீங்குகிறதா, உடை மட்டும் மாறுகிறதா? மூன்றாவது வாழ்வாதாரம்: வேலையிழப்போருக்குப் பயிற்சியும் உடைமையும் மாற்றுவழியும் கிடைக்கின்றனவா? நான்காவது அந்தரங்கம்: பொறி கசடை அளக்கிறதா, மனிதரை அளக்கிறதா? ஐந்தாவது பொறுப்பு: பொறி தவறினால் அல்லது பயன்படுத்தப்படாவிட்டால் விடையளிக்க வேண்டியவர் யார்?

இவற்றுள் ஐந்தாவது ஏனையவற்றின் அடித்தளம். எந்திரன் இல்லாத காலத்தில் தொட்டிக்குள் நேர்ந்த இறப்பை விபத்து என்று சொல்லிக் கடக்கச் சமூகம் பழகியிருந்தது. எந்திரன் உள்ள காலத்தில் அச்சொல்லுக்கு இடமில்லை. மாற்றுவழி கைக்கெட்டும் தொலைவில் இருக்கையில் மனிதரை இறக்குவது ஒரு தெரிவு. தெரிவுக்குப் பொறுப்பாளர் உண்டு. எந்திரனின் வருகை உழைப்பை மாற்றுவதோடு குற்றத்தின் இலக்கணத்தையும் மாற்றுகிறது.

9. முடிவுரை

எந்திரனுக்கு உரிமை உண்டா என்னும் வினா மெய்யியலுக்குச் சுவையளிக்கலாம். எந்திரனைப் பெறும் உரிமை மனிதருக்கு உண்டா என்னும் வினாவே தமிழகப் புறநகரில் உயிரோடு தொடர்புடையது. உண்டு என்பதே சட்டத்தின் விடை. அவ்விடை பீர்க்கன்கரணை போன்ற ஊர்களின் ஒவ்வொரு தெருவுக்கும் வந்து சேர, உள்ளாட்சியின் கருவி, வீட்டுக்காரரின் மறுப்பு, தொழிலாளரின் குரல் ஆகிய மூன்றும் வேண்டும். ஆள் இறங்கத் தேவையில்லை, பொறி வரட்டும் என்று வீட்டுக்காரர் சொல்லும் ஒரு சொல், எந்த அறக்கொள்கை ஆவணத்துக்கும் குறைந்ததன்று.

தமிழியல் ஆய்வுக்கும் இங்குப் பணியுண்டு. கட்டாய உழைப்பின் கல்வெட்டுச் சொற்கள், தூய்மைப் பணியாளரின் தொழில்வழக்குகள், அவர்தம் வாய்மொழி வரலாறுகள் ஆகியன தொகுக்கப்படல் வேண்டும். பொறியை இயக்கும் திரையில் தோன்றும் மொழி அத்தொழிலாளர் அறிந்த தமிழாக இருத்தல் வேண்டும் என்பதும் அப்பணியின் ஒரு கூறே. மயிற்பொறி ஓர் அரசியைக் காத்த கதையைப் போற்றிவந்த மொழி, தன் காலத்துப் பொறி யாரைக் காக்கிறது என்று கேட்கக் கடமைப்பட்டுள்ளது.